மாசிமகத்தன்று வந்த மோட்டார் படகு

படகை வாடகைக்கு எடுத்திருப்பவர் யார் என்பது, அவர் காரிலிருந்து இறங்கும் வரைக்கும் பச்சையப்பனுக்குத் தெரியாது. பாகூர்ப் பக்கத்துப் பெரிய நிலக்காரர் ஒருவர் குடும்பத்தோடு ஐந்து நாள் தீவு தீவாகச் சுற்றப் போகிறார், கடைசி நாள் மாசிமகத்துக்குத் தன் ஊர்க் கடற்கரையிலேயே வந்து இறங்க வேண்டும் என்கிறார் என்று மட்டும் படகுக்குச் சொந்தக்காரரான பிரெஞ்சுக்கார முசே சொல்லியிருந்தார். பாகூர்ப் பக்கம் பெரிய நிலக்காரர்களுக்கா பஞ்சம்?

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்தாம் வருஷம் அது, பிரெஞ்சுக்காரன் ஆட்சி. படகுக்கு ‘எத்துவால்’ என்று பெயர். பிரெஞ்சில் நட்சத்திரம் என்று அர்த்தம். தேங்காய்த்திட்டுக்கு எதிர்க்கரையில் வெள்ளை வெளேரென்று கட்டிக் கிடக்கும். உள்ளே கட்டில் போட்ட இரண்டு அறைகள், குழாயைத் திருகினால் தண்ணீர் கொட்டும் குளியலறை, ஐஸ் பெட்டி. மேல்தட்டில் கித்தான் பந்தலுக்குக் கீழே பிரம்பு நாற்காலிகள். அதற்கும் மேலே நாலு படி ஏறினால் சுக்கான் அறை. படகை எடுப்பவர்கள் வந்து உட்கார்ந்தால் போதும், மற்ற எல்லாவற்றுக்கும் ஆள் உண்டு. எஞ்சினுக்கு அரியாங்குப்பத்து அந்தோணிசாமி. கயிற்றுக்கும் நங்கூரத்துக்கும் வீராம்பட்டினத்து பலராமன். அவர்களுக்கு மேலே கப்பித்தான் பச்சையப்பன்.

வெள்ளைக் கால்சட்டையும் வெள்ளைக் கோட்டும் தொப்பியுமாகப் படகில் ஏறும் பலகையின் முனையில் நின்றுகொண்டிருந்த பச்சையப்பன், காரிலிருந்து இறங்கியவரைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டான். உலகநாதன். பாகூர்ப் பண்ணையார். பச்சையப்பனின் அப்பனும் அம்மாவும் சாகும்வரை உழுததும் நட்டதும் அந்த மனுஷனுடைய வயலில்தான். இன்றைக்கும் அவன் அக்கா செல்லக்கண்ணு குடியிருப்பது அவருடைய மனையில்தான்.

பண்ணையாரும் அவனைப் பார்த்துவிட்டார்.

“யாருடா இது? நம்ம சேரி பச்சை இல்ல?”

“பச்சையப்பன்தாங்க.”

“நீ இன்னாடா பண்ற இங்க?”

“படகு ஓட்டறங்க. நான்தான் கப்பித்தான்.”

சேரி ஆட்கள் தன்னை வழக்கமாகக் கூப்பிடும் ‘ஆண்டே’ என்ற சொல்லை அவன் சொல்லவில்லை என்பதைப் பண்ணையார் கவனித்துக்கொண்டார். அவர் முகம் போன போக்கைப் பார்த்தாலே தெரிந்தது. நேராக முசேயிடம் போனார். வேறு ஆளைப் போடச் சொன்னார். முசே தோளைக் குலுக்கினார். படகு வேண்டுமென்றால் கப்பித்தானும் சேர்ந்துதான், அவன் இல்லாமல் ‘எத்துவால்’ ஒரு முழம் நகராது என்றார். பண்ணையார் திரும்பிப் பார்த்தார். வழியனுப்ப வந்த கூட்டம் மாலையும் மேளமுமாக நின்றது. மைத்துனன் குழந்தைவேல் ஏற்கெனவே படகில் ஏறி ஐஸ் பெட்டியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தான். பெண்டாட்டி தையலம்மாள் பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்தபடி பலகையில் கால் வைத்துவிட்டாள். வேறு வழியில்லை. ஏறினார்.

பச்சையப்பன் ஊரை விட்டுப் போனபோது அவனுக்கு மீசை முளைத்திருக்கவில்லை. அரியாங்குப்பத்தில் உப்புத் தோணி தள்ளினான். பிறகு கப்பலில் கரி அள்ளிக்கொண்டே சைகோனுக்குப் போய்ச் சேர்ந்தான். அங்கே ஆற்றில் ஓடும் மோட்டார் படகுகளில் வேலை பார்த்து, சுக்கான் பிடிக்கக் கற்று, பரீட்சை எழுதிக் கப்பித்தான் ஆனான். அந்த ஊரில் அவன் யார் பிள்ளை என்று எவனும் கேட்டதில்லை. திரும்பி வந்த பிறகு வருஷத்தில் இரண்டு முறை அக்காவைப் பார்க்கப் போவான். போகும்போது வேட்டிதான் கட்டுவான். சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு ஊர்த்தெருவைச் சுற்றிக்கொண்டு பின்வழியாகத்தான் சேரிக்குள் நுழைவான். அதை நினைத்தால் அவனுக்கே அருவருப்பாக இருக்கும். ஆனாலும் அக்காவுக்காக அப்படித்தான் போனான்.

முதல் நாள் ஆற்றுத் திட்டுகளைச் சுற்றினார்கள். அதன்பின் கடலுக்குள் இறங்கித் தெற்கே போனார்கள். பரங்கிப்பேட்டையில் இங்கிலீஷ்காரனின் சுங்கச் சிப்பாய் ஏறிப் பெட்டிகளைக் கிளறிப் பார்த்துவிட்டு விட்டான். பிச்சாவரத்தில் சுரபுன்னைக் காட்டுக்குள் சின்னத் தோணியில் போய்த் திட்டுத் திட்டாக இறங்கினார்கள். கொள்ளிடத்தின் முகத்தில் தீவுக்கோட்டையின் இடிந்த சுவரைப் பார்த்தார்கள். பிறகு காரைக்கால். தையலம்மாள் ஒவ்வொரு தீவிலும் முதல் ஆளாக இறங்கினாள். பாகூரைத் தாண்டி அவள் போனதெல்லாம் திருவந்திபுரம் கோயில் வரைக்கும்தான். தண்ணீருக்குள் வேர் ஊன்றி நிற்கும் மரங்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

பண்ணையாருக்கு எதுவும் ரசிக்கவில்லை. மேல்தட்டில் எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் தலைக்கு மேலே பச்சையப்பனின் கால்கள் தெரிந்தன. “என் தலைக்கு மேல நிக்கிறான் பாரு” என்று மைத்துனனிடம் பொருமினார். நாற்காலியைப் பின்பக்கம் தூக்கிப் போடச் சொன்னார். அங்கே கித்தான் இல்லை. மாசி வெயில் மண்டையைப் பிளந்தது. எஞ்சின் புகை வேறு மூக்கில் ஏறியது. சாப்பாட்டு நேரத்துக்குள் திரும்பி வந்துவிட்டார்.

குடிக்கத் தண்ணீர்கூட வீட்டிலிருந்து பித்தளைக் குடங்களில் கொண்டுவந்திருந்தார்கள். படகுத் தொட்டியின் தண்ணீரை இந்த ஆட்கள்தானே நிரப்புகிறார்கள்! தீவுக்கோட்டைக்கு முன்னால் அலையில் படகு ஒரு புரட்டுப் புரண்டபோது குடங்கள் கவிழ்ந்தன. பண்ணையார் இளநீர் கிடைக்கும்வரை நாக்கு வறண்டு கிடந்தார். தையலம்மாள் மட்டும் யாரையும் கேட்காமல் குளியலறைக் குழாயில் ஒரு சொம்பு பிடித்து மடமடவென்று குடித்தாள். குழந்தைவேல் பார்த்துவிட்டான். “இன்னாக்கா இது?” என்றான். “தாகம்” என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

நாலாம் நாள் மத்தியானம் வடக்கே திரும்பி வந்துகொண்டிருந்தபோது பண்ணையார் அவனைக் கீழே கூப்பிட்டனுப்பினார். பச்சையப்பன் சுக்கானைப் பலராமனிடம் கொடுத்துவிட்டு இறங்கி வந்தான்.

“நாளைக்கு மூர்த்திக்குப்பம் கரையில சாமிங்க தீர்த்தவாரிக்கு வருது. நம்ம கொம்யூன் ஊருங்க அத்தினியும் அங்கதான் இருக்கும்” என்றார் பண்ணையார். குரலை வேண்டுமென்றே தணித்துப் பேசினார். “சித்திரை பொறந்தா கொம்யூனுக்கு மேர் தேர்தல், நான் நிக்கிறேன். நான் இந்தப் படகுல வந்து எறங்கறத எல்லாரும் பாக்கணும்னுதான் இவ்ளோ செலவு. வெளங்குதா?”

“வெளங்குதுங்க.”

“கரை தெரியசொல்ல நீ மேல நிக்கக் கூடாது. பலராமன் ஓட்டட்டும். நீ கோட்டு தொப்பியெல்லாம் கழட்டிட்டு எஞ்சின் ரூம்புல போய்க் குந்திக்க. நாங்க எறங்கனப்புறம் வெளிய வா.”

கோபம் வரும் என்று பச்சையப்பன் நினைத்தான். வந்தது கோபமில்லை. சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு பின்வழியாகச் சேரிக்குள் நுழையும்போது தன்மேலேயே ஓர் அருவருப்பு வருமே, அதுதான் வந்தது.

“முடியாதுங்க” என்றான்.

“இன்னாது?”

“படகு கரைக்கு வரசொல்ல கப்பித்தான்தான் சுக்கான் புடிக்கணும். நான் கீழ போவ மாட்டங்க.”

பண்ணையார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். “உங்க அக்கா எங்க குடியிருக்கான்னு ஞாபகம் இருக்குதாடா?”

“இருக்குதுங்க.”

“அவ புருசன் மாரிமுத்து யாரு வூட்டு ஏர் ஓட்டறான்?”

“உங்க வூட்டு ஏருங்க.”

“அப்ப யோசிச்சி சொல்லு.”

பச்சையப்பன் மேலே ஏறிப் போனான். அன்று சாயங்காலம் பரங்கிப்பேட்டை முகத்தில் நங்கூரம் போட்டபின், பலராமனும் அந்தோணிசாமியும் அவன் இரண்டு பக்கமும் வந்து உட்கார்ந்தார்கள். விஷயம் அதற்குள் படகு முழுக்கத் தெரிந்திருந்தது.

“கொஞ்ச நேரம்தாண்ணே” என்றான் பலராமன். “நான் புடிச்சிக்கிறேன். அந்தாள் எறங்கிப் பூட்டா நீ மேல வந்துடு. அக்காவுக்கு ஒரு கெடுதி வந்துடப் போவுது.”

“அதான் பயமா இருக்கு” என்றான் பச்சையப்பன். உண்மையாகவே பயமாகத்தான் இருந்தது. தான் விறைப்பாக நிற்பதற்கு அக்காவல்லவா விலை கொடுக்க வேண்டும்? அவளைக் கேட்க வழியில்லை. கேட்டால் என்ன சொல்வாள்? சின்ன வயதில் அவனைப் பண்ணையாரின் ஆள் ஒருவன் அடித்தபோது அவள் களத்துமேட்டிலிருந்து ஓடிவந்து அந்த ஆளின் கையைக் கடித்தவள். அதற்காக அவளும் அடி வாங்கினாள். வாங்கிவிட்டு, “கடிச்சேன்ல?” என்று தம்பியிடம் சிரித்தாள். உனக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயந்து ஒளிந்தேன் என்று அவளிடமே போய்ச் சொல்ல முடியுமா?

“கீழ எஞ்சின் ரூம்பு எப்பிடி இருக்கும் தெரியுமா?” என்றான் அந்தோணிசாமி, கையைத் துடைத்துக்கொண்டே. “எனக்கே இடம் பத்தாது. நீ மேலயே நில்லு.”

பச்சையப்பன் சிரித்துவிட்டான். அதோடு தீர்மானமாகிவிட்டது.

மறுநாள் காலையில் முகம் மழித்துக்கொண்டான். கோட்டின் பித்தளைப் பொத்தான்களைச் சாம்பல் போட்டுத் தேய்த்து மாட்டிக்கொண்டான். கடலூரைத் தாண்டிப் பெண்ணையாற்று முகத்தைக் கடந்ததும் கரை தெரிந்தது. மணலே தெரியாத அளவுக்குக் கூட்டம். நடுவே பந்தலும் குடைகளும், சாமிகளைத் தூக்கிவந்த பல்லக்குகளும். தெற்கே, தாழம்புதர்களுக்கு அப்பால், தனியாக ஒரு கூட்டம். சேரி ஜனங்கள் எப்போதும் நிற்கும் இடம் அதுதான். சாமி கடலில் குளித்துக் கரையேறி, ஊர் ஜனங்கள் முழுகி முடித்த பிறகுதான் அவர்கள் தண்ணீரில் கால் நனைக்கலாம்.

படிகளில் காலடிச் சத்தம் கேட்டது. பண்ணையாரே ஏறி வந்துவிட்டார். சரிகை வேட்டி, அங்கவஸ்திரம், நெற்றியில் சந்தனம்.

“எறங்குடா கீழ.”

பச்சையப்பன் சுக்கானிலிருந்து கையை எடுக்கவில்லை. கண்ணையும் கரையிலிருந்து எடுக்கவில்லை.

“சுக்கான் அறைக்குள்ள பிரயாணிங்க வரக்கூடாதுங்க. கீழ போய் உக்காருங்க. அலை அடிக்கும்.”

“இன்னாடா சொன்ன?”

“கீழ போங்கன்னு சொன்னங்க.”

பண்ணையார் கையை ஓங்கினார். அந்த நேரம் பார்த்துக் குறுக்கலை ஒன்று படகைத் தூக்கிப் போட்டது. ஓங்கிய கையால் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். கீழேயிருந்து தையலம்மாளின் குரல் வந்தது: “ஏங்க, கரையில எல்லாரும் பாக்கறாங்க. எறங்கி வாங்க.”

அவர் இறங்கிப் போனார். பச்சையப்பன் ஊதுகுழலின் சங்கிலியைப் பிடித்து இழுத்தான். ஒரு முறை அல்ல, மூன்று முறை. கரை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. வெள்ளைப் படகு பக்கவாட்டில் திரும்பிக் கரைக்கு இணையாக மெல்ல வந்தது. மேல்தட்டில் பண்ணையார் கைகூப்பி நின்றார். ஊர் மேளம் முழங்க ஆரம்பித்தது. அவருக்கு மேலே, கண்ணாடியை இறக்கிவிட்டுத் திறந்திருந்த சுக்கான் அறையில், தொப்பியோடு பச்சையப்பன் நின்றான்.

தாழம்புதர்ப் பக்கத்திலிருந்துதான் முதல் குரல் வந்தது. தண்ணீருக்கு மேலே அது தெளிவாகக் கேட்டது.

“டேய்! மேல பாருடா! நம்ம பச்சைடா அது!”

“எந்தப் பச்சை?”

“செல்லக்கண்ணு தம்பிடா! அவன்தான் ஓட்டிகினு வர்றான்!”

அதற்குப்பின் எந்தக் குரலையும் தனியாகப் பிரித்துக் கேட்க முடியவில்லை. அந்தக் கூட்டம் அப்படியே புதர்களைத் தாண்டி ஈர மணலுக்கு ஓடி வந்தது. துண்டுகளைச் சுழற்றினார்கள். பறை முழங்கத் தொடங்கிவிட்டது. ஊர் மேளக்காரர்கள் கையை நிறுத்தி வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். இன்னும் சாமி குளிக்கவில்லை. ஆனாலும் அத்தனை சேரி ஜனமும் முழங்கால் தண்ணீரில் நின்று கத்திக்கொண்டிருந்தது. பச்சையப்பனுக்குக் கண் கலங்கியது. துடைத்தால் பண்ணையாருக்குத் தெரியும் என்று துடைக்காமலே படகை நிறுத்தினான். “நங்கூரம்!” என்று கத்தினான். பலராமன் போட்டான்.

பலராமன் தோணியை இறக்கி மூன்று பேரையும் கரைக்குக் கொண்டுபோனான். பச்சையப்பன் தூரக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தான். மாலை போட வந்தவர்களைத் தள்ளிவிட்டுக்கொண்டு பண்ணையார் நேரே தெற்குப் பக்கம் நடப்பது தெரிந்தது. சிவப்புப் புடவையில் அக்கா. பக்கத்தில் மாரிமுத்து குனிந்து நின்றான். பண்ணையாரின் கை மேலும் கீழும் போயிற்று. அக்கா குனியவில்லை. ஏதோ சொன்னாள். சொல்லிவிட்டுப் புருஷனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தோணியைப் பார்த்து நடந்தாள்.

கொஞ்ச நேரத்தில் தோணி படகோரம் வந்து முட்டியது. அக்கா தொப்பலாக நனைந்திருந்தாள். அவன் கை கொடுத்துத் தூக்கிவிட்டான்.

“இன்னாக்கா சொன்னான்?”

“சாயந்தரத்துக்குள்ள மனைய காலி பண்ணணும்னான்.” அவளுக்கு மூச்சு வாங்கியது. “சாயந்தரம் இன்னாத்துக்கு, இப்பவே பண்றேன்னேன். வூட்டுல இன்னா இருக்கு, ரெண்டு சட்டி.”

“என்னாலதானேக்கா...”

“உன்னாலதான்.” அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். பொத்தான்களைத் தொட்டாள். “நீ எங்கியாச்சும் பூந்து ஒளிஞ்சிகினு இருந்தேன்னு வையி, உன் மூஞ்சியிலயே முழிச்சிருக்க மாட்டேன்.”

மாரிமுத்து தட்டில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டான். நாளைக்குச் சோற்றுக்கு என்ன வழி என்று அவன் யோசிப்பது பச்சையப்பனுக்குப் புரிந்தது. அவனைச் சமாதானப்படுத்தப் பொய் எதுவும் சொல்லத் தோன்றவில்லை. “அரியாங்குப்பத்துல என் ரூம்பு ஒண்ணு இருக்கு மாமா. நெருக்கிகினு படுக்கலாம்” என்று மட்டும் சொன்னான்.

கரையிலிருந்து குழந்தைவேல் கையை ஆட்டிக் கத்தினான். மாமா இனி இந்தப் படகில் ஏற மாட்டாராம், வண்டி கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகிறாராம், படகு திரும்பிப் போகலாமாம்.

“இன்னிக்கி பொழுது சாயற வரைக்கும் வாடகை இருக்கு” என்றான் அந்தோணிசாமி, எஞ்சின் அறையிலிருந்து தலையை நீட்டி.

பச்சையப்பன் அக்காவைப் பிரம்பு நாற்காலியில் உட்காரவைத்தான். அவள் முதலில் விளிம்பில் உட்கார்ந்தாள். பிறகு சாய்ந்துகொண்டாள். ஐஸ் போட்ட சர்பத்தைப் பலராமன் கொண்டுவந்து கொடுத்தான். குடித்துவிட்டுப் பல் கூசுகிறது என்றாள். “அந்தாளு எங்கெங்கடா சுத்தனான்?” என்று கேட்டாள். தீவுகளுக்கு என்றான். “அப்ப எனக்கும் ஒண்ணக் காட்டு.”

வடக்கே போய் ஆற்றுக்குள் நுழைந்து ஒரு திட்டின் ஓரம் கட்டினார்கள். அவள் வழியில் இரண்டு முறை வாந்தி எடுத்தாள். இறங்கி மணலில் படுத்துக்கொண்டாள். பண்ணையார் குடும்பம் விட்டுவிட்டுப் போன புளிசாதத்தை ஐந்து பேரும் வட்டமாக உட்கார்ந்து தின்றார்கள். மாரிமுத்துகூட இரண்டாம் முறை வாங்கிக்கொண்டான். அப்போதுதான் அவள் திடீரென்று எழுந்து உட்கார்ந்தாள்.

“ஐயோ, என் ஆடு! கட்டிப் போட்டது அப்பிடியே நிக்குதே!”

மறுநாள் முசே பச்சையப்பனைக் கூப்பிட்டனுப்பினார். பண்ணையார் ஆள் அனுப்பியிருந்தார். பாகூருக்குப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வா, வேலை உனக்குத்தான் என்றார் முசே. நல்ல மாதிரியாகத்தான் சொன்னார். “நான் தப்பு பண்ணல முசே” என்றான் பச்சையப்பன். சாவியை மேசைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டான். அப்புறம் இரண்டு மாதம் அரியாங்குப்பத்தில் மீன் கூடை தூக்கினான். பிறகுதான் காரைக்காலில் சரக்குப் படகு ஒன்றில் சுக்கான் பிடிக்கும் வேலை கிடைத்தது. பண்ணையார் தேர்தலில் ஜெயித்தார். ஆனால் அந்த நடவுக்குச் சேரியிலிருந்து ஆறு குடும்பம் ஏர் ஓட்ட வரவில்லை. முதலியார்பேட்டைக்கு மில் வேலைக்குப் போய்விட்டார்கள்.

மனையில் கட்டியிருந்த ஆட்டைப் பண்ணையாரின் ஆட்கள் அவர் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அதை அப்படியே விடச் செல்லக்கண்ணு தயாராயில்லை. இதற்கெல்லாம் முன்னால், மாசிமகம் முடிந்த மறுவாரமே பாகூருக்குக் கிளம்பினாள். பச்சையப்பனும் கூடப் போனான். அவன் சட்டையைக் கழற்றவில்லை. பின்வழியாகவும் போகவில்லை. ஊர்த்தெருவில் நடுவே நடந்தார்கள். வாசல்களில் ஆட்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். ஒருவன், “டேய், இன்னாடா இந்தப் பக்கம்?” என்றான். இவர்கள் நிற்கவில்லை. பண்ணையார் வீட்டு முன்னால் போய்த்தான் நின்றார்கள்.

“எம் புள்ளையாட்டம் வளத்த ஆடு!” என்று அவள் தெருவே கேட்கும்படி குரல் கொடுத்தாள். “உங்க மனையத்தான் வுட்டேன், என் ஆட்ட வுடல!”

உள்ளே பண்ணையாரின் குரல் உறுமியது. பிறகு யாரோ அவரோடு எதிர்த்துப் பேசும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து முன்வாசல் கதவு திறந்தது. தையலம்மாள் கயிற்றைப் பிடித்து ஆட்டை இழுத்துக்கொண்டு வந்தாள். அது அவள் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டே வந்தது. படியிறங்கி வந்து கயிற்றைச் செல்லக்கண்ணுவின் கையிலேயே கொடுத்தாள்.

“ஒரு வாரமா கத்தியே எடுத்துடுச்சு” என்றாள். பிறகு பச்சையப்பனைப் பார்த்தாள். “இப்ப எந்தப் படகு ஓட்டறீங்க?”

“ஒண்ணுமில்லீங்க.”

“கெடைக்கும்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். கதவை அவள் சாத்தவில்லை.

செல்லக்கண்ணு ஆட்டின் வயிற்றைத் தடவிப் பார்த்தாள். இளைத்துவிட்டது என்று திட்டினாள். இரண்டு பேரும் வந்த தெரு வழியாகவே, வந்த வேகத்திலேயே, அரியாங்குப்பத்தைப் பார்த்து நடந்தார்கள்.